கூப்பிடப் பெயரில்லாத ஆள்

நான் வந்தபோது என் மனைவியின் மகளுக்கு 11 வயது. இரண்டு வருடம் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அப்பா இல்லை, அங்கிள் இல்லை. நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். "அம்மா, நாளைக்குச் சீக்கிரம் கிளம்பணும்னு சொல்லிடு" என்பாள். யாரிடம் என்பது வராது. தமிழில் ஆளைச் சொல்லாமலே இவ்வளவு பேச முடியும் என்று அவளிடம்தான் கற்றேன்.

ஆரம்பத்தில் சொதப்பியது நான்தான். மதிப்பெண் குறைந்தபோது அவள் அம்மாவை முந்திக்கொண்டு அறிவுரை சொன்னேன். "நீங்க சொல்ல வேண்டாம்." கதவு சாத்தப்பட்டது. அதோடு கண்டிப்பதை அவள் அம்மாவிடமே விட்டுவிட்டேன். காரில் கொண்டுபோய் விடுவது மட்டும் என் வேலை.

காரில் ஒரு வசதி, முகம் பார்க்க வேண்டாம். முதலில் பாட்டுச் சத்தத்தைக் குறைப்பது பற்றிப் பேசினாள், அப்புறம் தோழியோடு போட்ட சண்டை. நான் "ம்" மட்டும் சொன்னேன். அதற்கே நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஒருநாள் அவளுடைய அப்பா போன் பண்ணுவதாகச் சொன்ன நேரத்தில் பண்ணவில்லை. வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, "இன்னொரு ரவுண்டு போகலாமா?" என்றேன். "சரி" என்றாள். போன் மடியிலேயே கிடந்தது.

இப்போது அவள் போனில் என் எண்ணுக்கு ஒரு பெயர் உண்டு. "கார்".