வெளியே தெரியாத குடலிறக்கம்

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் என் சித்தப்பாவுக்குச் சாப்பிட்ட பிறகு தொப்புளைச் சுற்றிச் சுருட்டிப் பிடிப்பதும், சற்று நேரத்தில் தானாக விட்டுவிடுவதும் நெடுநாளாக இருந்தன. சென்ற மாதம் அந்த வலி விடவில்லை. பச்சையாக வாந்தி எடுத்தார், வயிறு உப்பியது, மலமும் காற்றும் பிரியவில்லை. மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்தில் சேர்த்த அன்றிரவே சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். சிறுகுடலின் ஒரு பகுதி, இரைப்பைக்குப் பக்கத்தில் இடப்புறமாக, சுருக்குப் பைக்குள் திணித்ததைப் போல் குவிந்து கிடந்தது.

குடலிறக்கம் என்றாலே தொப்புளிலோ தொடை இடுக்கிலோ புடைத்துக்கொண்டு நிற்கும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் சித்தப்பாவுக்கு வந்த இந்த உட்புறக் குடலிறக்கத்தில், பிறவியிலேயே அமைந்த சவ்வு மடிப்பிலோ முந்தைய அறுவை சிகிச்சை விட்டுச்சென்ற இடைவெளியிலோ குடல் வயிற்றுக்குள்ளேயே நுழைந்து சிக்கிக்கொள்வதால், வெளியிலிருந்து தொட்டுப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. பெரியவர்களுக்குச் சிறுகுடல் அடைபட மிகப் பொதுவான காரணம் பழைய அறுவை சிகிச்சைக்குப் பின் உண்டாகும் ஒட்டுகளே (உள்ளுறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் தழும்புத் திசு). சித்தப்பாவின் வயிற்றிலோ ஒரு தழும்புகூட இல்லை. சிக்கிய குடலுக்கு இரத்த ஓட்டம் நின்றுவிட்டால் சில மணி நேரத்திலேயே அது அழுகத் தொடங்கிவிடும் என்பதால், மருத்துவர்கள் விடியும்வரை காத்திருக்கவில்லை. சிக்கிய குடலை அந்த மடிப்பிலிருந்து வெளியே இழுத்து, அது நுழைந்த மடிப்பின் வாயை அடைத்துத் தைத்தார்கள். எதையும் வெட்டி எடுக்க நேரவில்லை.

உடல் எடையைக் குறைக்க இரைப்பை மாற்றுவழி (கேஸ்ட்ரிக் பைபாஸ்) அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்தும் இது வரலாம். வலி விட்ட பின் எடுக்கும் ஸ்கேனில் எல்லாம் சரியாகவே தெரியக்கூடும். ஆகவே, வலி இருக்கும்போதே போய்க் காட்டுங்கள்.