கிளேர்வுட் வீடு: புரட்டாசிக் குறிப்புகள்

12 செப்டம்பர் 2024, வியாழன்
தென்னாப்பிரிக்கா, டர்பனில் எங்கள் கிளேர்வுட் வீட்டு வாசலில் பலகை நட்டுவிட்டார்கள். 'விற்பனைக்கு', பக்கத்தில் ஏஜண்ட்டின் சிரித்த முகம். அப்பா இருந்திருந்தால் ராத்திரியோடு ராத்திரியாகப் பிடுங்கி எறிந்திருப்பார்.

15, ஞாயிறு
ஷோ ஹவுஸ், வாங்க வருகிறவர்களுக்கு வீட்டைத் திறந்து காட்டும் நாள். வந்தவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குள் கால் வைக்கவே இல்லை, நேராகப் பின்பக்கம் போய் மனையைக் காலடியால் அளந்தார்கள். கண்டெய்னர் லாரி எத்தனை நிற்கும் என்று ஒருவர் என்னிடமே கேட்டார். துறைமுகம் கிட்டத்தில், சவுத் கோஸ்ட் ரோடு முழுக்க லாரி, குதிரைப் பந்தய மைதானமே கிடங்காகிவிட்ட ஊர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சரி, ஆனால் இது வீடுங்க. மரமும் தகரமுமாக தாத்தா கட்டியது. வராந்தாவை ஒரு ஆளாவது நிமிர்ந்து பார்த்திருக்கலாம்.

17, செவ்வாய்
புரட்டாசி பிறந்தது. கறிச் சட்டிகளைக் காகிதம் சுற்றிப் பெட்டியில் போட்டேன். எப்படியும் கட்ட வேண்டியவைதானே.

19, வியாழன்
மரம் அரிக்கும் வண்டு இருக்கிறதா என்று பார்க்கிறவர் வந்தார். டர்பனில் வீடு விற்றால் கரண்ட் சர்டிபிகேட்டோடு இதையும் கேட்பார்கள். கரண்ட்டுக்குச் சட்டம் இருக்கிறது, வண்டுக்கு வழக்கம்தான். குப்புறப் படுத்து, டார்ச் அடித்து, ஸ்க்ரூடிரைவர் பிடியால் பலகை பலகையாகத் தட்டினார். அப்பாவின் கட்டிலுக்குக் கீழே சத்தம் மாறியது. குண்டூசித் தலை அளவில் ஓட்டைகள், சுற்றிலும் மஞ்சளாக மாவு. நான் தினமும் கூட்டித் தள்ளிய தூசி. பழசு, வண்டு எப்போதோ போய்விட்டது என்கிறார். புதுசா பழசா என்று மாவைப் பார்த்து எப்படித் தெரியும்?

21, சனி
பெர்த்திலிருந்து அண்ணன். "வந்த விலைக்குத் தள்ளிவிடும்மா." தள்ளிவிட இது என்ன பழைய சைக்கிளா?

நகராட்சி பிளான் நகலில் பின் சமையல்கட்டு இல்லை. ஆயா விறகடுப்பு வைத்து ஊருக்கே பிரியாணி ஆக்கிய இடம் காகிதத்தில் வெறும் மனை. ஒன்று பிளான் போட்டு ஒப்புதல் வாங்கு, இல்லையா இடித்துவிடு என்கிறார் ஏஜண்ட். எது சீக்கிரம் முடியும் என்று அவர் சொல்லவேண்டியதில்லை.

24, செவ்வாய்
பாரம்பரிய தினம், நாடெங்கும் விடுமுறை. நாலா பக்கமும் பிராய், அதான் கறி சுடுகிற புகை, எனக்கோ சாம்பாரும் பூசணிக்காயும்.

பொருத்தமாக ஒரு சட்டம் கையில் கிடைத்தது. 1999-ஆம் வருடத்து 25-ஆம் சட்டம், 34-ஆம் பிரிவு: 60 வருடம் தாண்டிய கட்டடத்தை இடிக்கவோ மாற்றவோ மாகாணப் பாரம்பரிய அமைப்பு அனுமதி தரவேண்டும். நம் மாகாணத்தில் அது அமாஃபா. வீட்டுக்கு 60 எப்போதோ தாண்டியாயிற்று. அப்படியானால் சமையல்கட்டை இடிக்கவும் அனுமதி வேண்டும், பிளானில் இல்லாததற்கு! ஏஜண்ட்டுக்கு போன் போட்டேன். "அதை வாங்க வருகிறவர்களிடம் சொல்லாதீங்க அக்கா" என்றார். எல்லோரிடமும் சொல்லப்போகிறேன்.

26
மாவு மறுபடி. கொஞ்சம்தான்.

28, சனி
வீட்டில் கடைசிப் புரட்டாசி படையல். ஏழு காய், பாயசம், வாழை இலை. சின்னம்மா சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்தாள். இனம் பார்த்துக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டி அறுபதுகளில் கிளப்பிவிட்டபோது அவள் வீட்டார் அங்கே போனார்கள், நாங்கள் ஒட்டிக்கொண்டோம். "எங்களைத் துரத்தினாங்க, நீங்களா போறீங்க," என்றாள். அதற்கு என்ன பதில் சொல்வது? பாயசம் ஊற்றினேன்.

முருகன் கோயில் இங்கேதானே இருக்கும், காவடிக்கு வரலாம் என்கிறார்கள் எல்லோரும். விருந்தாளியாக.

2 அக்டோபர், புதன்
ஆஃபர் வந்தது. கேட்டதைவிடக் குறைவு. அண்ணன் தொலைவிலிருந்தே கையெழுத்துப் போடத் தயார். வாங்குகிறவர் லாரிக்காரர்தான்.

3, வியாழன்
தூக்கம் இல்லை. சமையல்கட்டுத் தகரத்தைக் கழற்றித் தரச் சொல்லலாமா? எங்கே வைப்பது, ஃப்ளாட் பால்கனியிலா?

4, வெள்ளி
லாரிக்காரர் மனைவியோடு வந்தார். அந்த அம்மா வராந்தாவில் நின்று மேலே பார்த்தாள், ரொம்ப நேரம். இந்த மரவேலை யார் செய்தது என்று கேட்டாள். நான் அந்த அமாஃபா சட்டத்தைச் சொன்னேன். புருஷன் முகம் சுருங்கியது, அவள் முகம் இல்லை. திங்கட்கிழமை பதில் சொல்கிறார்களாம்.