புண்ணுதான் ஆறிடுச்சே மேடம்

நவம்பர் 11, செவ்வாய்

(ஆளை அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

இன்று எங்கள் ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துக்கு (எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் இடம்) வந்த பையனுக்கு 19 வயது. பாலிடெக்னிக் மாணவன். கதவைச் சாத்தச் சொன்னான். சாத்திய பிறகும் வெகுநேரம் பேச்சில்லை. செல்போன் உறையின் ஓரத்தை நகத்தால் நிமிண்டிக்கொண்டே, "சும்மா செக் பண்ணத்தான் மேடம்" என்றான். சும்மா யாரும் ரெண்டு பஸ் மாறி வெளியூர் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை.

செப்டம்பரில் மறைவிடத்தில் ஒரு புண். வலியே இல்லையாம். மெடிக்கல் ஷாப்பில் சூட்டுக் கொப்புளம் என்று சொல்லிக் களிம்பு வாங்கிப் போட்டிருக்கிறான். ஒரு மாதத்தில் ஆறியிருக்கிறது. இப்போது இரண்டு உள்ளங்கைகளிலும் செம்புள்ளிகள். அரிப்பில்லை. "புண்ணுதான் ஆறிடுச்சே மேடம், இது அலர்ஜியா?"

இது உடலுறவால் தொற்றும் சிபிலிஸ் நோயாக இருக்கலாம் என்று பட்டது. அதன் புண் களிம்பு போட்டாலும் போடாவிட்டாலும் மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் தானே ஆறிவிடும். கிருமி உடம்புக்குள்ளேயே இருக்கும். எத்தனை பிள்ளைகள் இப்படிக் களிம்புக்கு நன்றி சொல்லிவிட்டு வீட்டிலேயே இருக்கிறார்களோ!

நவம்பர் 12, புதன்

சிபிலிஸுக்கான ரத்தப் பரிசோதனை (ஆர்.பி.ஆர்.) பாசிட்டிவ். எச்.ஐ.வி. நெகட்டிவ், ஆனால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். டாக்டர் பென்சத்தின் பென்சிலின் எழுதினார். 24 லட்சம் யூனிட், இடுப்பின் இரண்டு பக்கமும் பாதிப் பாதி. 1943இல் இந்த நோய்க்கு முதன்முதலில் கொடுத்துப் பார்த்த பென்சிலின்தான் இன்றும் காப்பாற்றுகிறது. காசும் வாங்குவதில்லை.

ராத்திரி போன் செய்தான். காய்ச்சலாம், ஊசி ஒத்துக்கொள்ளவில்லையோ என்று பயம். கிருமிகள் கூட்டமாகச் சாகும்போது இப்படி அடிக்கும், ஒரு நாளில் இறங்கிவிடும், மூச்சு வாங்கினால் மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு என்றேன்.

நவம்பர் 14, வெள்ளி

ஒரு பள்ளியில் பேச்சு. "ஒழுக்கத்தைப் பத்திப் பொதுவா பேசுங்க, போதும்" என்றார்கள். நான் ஆணுறை என்ற சொல்லைச் சொன்னேன். முதலில் சிரிப்பு, பிறகு ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. பெயர் போடாமல் சீட்டில் கேள்வி எழுதச் சொல்லியிருந்தேன்.

"ஒரே ஒரு தடவைன்னாலும் வருமா?" வரும். "கர்ப்பம் தடுக்கிற மாத்திரை போட்டா நோயும் வராதுல்ல?" வரும். மாத்திரை கருவைத்தான் தடுக்கும், கிருமியை அல்ல.

ஒரு சீட்டு புளியங்கொட்டை அளவுக்கு மடித்திருந்தது. "எனக்கு 17. டெஸ்ட் எடுத்தா வீட்ல சொல்வீங்களா?"

இதற்குத்தான் தொண்டை அடைத்தது. 18 நிரம்பாதவர் என்றால் பரிசோதனைக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி, 18 நிரம்பாதவர் உடலுறவு கொண்டது தெரிந்தால் புகார் கொடுத்தாக வேண்டும். குழந்தைகளைச் சீரழிப்பவர்களைப் பிடிக்க அந்தச் சட்டம் அவசியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஒத்த வயதுப் பிள்ளைகள் அதே பயத்தில் நோயை மறைக்கிறார்கள். பொய் சொல்ல மனமில்லை. உள்ளதைச் சொல்லி, "ஆனாலும் வாங்க, கூட நான் இருப்பேன்" என்றேன். யார் எழுதியது என்று முகங்களில் தேடவில்லை.

நவம்பர் 20, வியாழன்

பாலிடெக்னிக் பையன் வந்தான். தான் பழகும் பெண்ணிடம் நோயைப் பற்றி அவன் இன்னும் சொல்லவில்லை. அவளுக்கும் 19. "அவ நல்ல பொண்ணு மேடம், அவளுக்கெல்லாம் இருக்காது." நல்லவளா என்று கிருமி கேட்காது தம்பி என்றேன். நாளைக்கு அவள் கர்ப்பமானால் குழந்தைக்கும் போகும், வயிற்றிலேயே இறந்துகூடப் போகலாம் என்பதையும் சொன்னேன். தலை குனிந்தவன் நிமிரவில்லை. இரண்டு ஆணுறைப் பாக்கெட்டும், அவள் பரிசோதனைக்கு வருவதற்கான சீட்டும் கொடுத்தேன். சீட்டைப் பர்ஸில் பணத்துக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

டிசம்பர் 1, திங்கள்

எய்ட்ஸ் தினம். உறுதிமொழி, பேரணி. 1986இல் டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதலில் கண்டுபிடித்தது நம் சென்னையில்தான். அதைப் பேரணிப் பிள்ளைகளிடம் சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள்.

மத்தியானம் அவனிடமிருந்து போன். "சொல்லிட்டேன் மேடம். ரொம்ப அழுதா. அப்புறம் எந்த பஸ்னு கேட்டா."

பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான் என்றேன். ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தைத் தாண்டி இடது பக்கம், வேப்பமரத்தடியில் பச்சைக் கதவு. யாரிடமும் வழி கேட்க வேண்டியிருக்காது.