பெர்லிலிருந்து பைத்தானுக்கு மாறியபோது

எங்கள் சரக்குக் கணக்கு முழுவதும் பல வருடங்களாகப் பெர்ல் என்ற நிரல்மொழியில் எழுதிய ஸ்கிரிப்டுகளில், அதாவது சிறு நிரல்களில், ஓடிக்கொண்டிருந்தது. நன்றாகவே ஓடியது. ஆனால் அதைப் படித்துத் திருத்தத் தெரிந்தவர்கள் நானும் ஒரு மூத்தவரும்தான். அவர் ஓய்வுபெறப் போகிறார் என்றதும், எல்லாவற்றையும் பைத்தான் என்ற இன்னொரு நிரல்மொழிக்கு மாற்றிவிடலாமா என்று நிர்வாகம் கேட்டது.

வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னேன். புது மொழி வேகமாக இருக்கும், பார்க்க அழகாக இருக்கும் என்பதற்காக ஓடுகிற நிரலில் கை வைக்கக்கூடாது என்றே இன்றும் நினைக்கிறேன். பெர்ல் 5 இன்றைக்கும் பராமரிப்பில் உள்ள மொழி. ஆனால் அதற்கு அடுத்த பதிப்பாக 2000இல் அறிவித்த பெர்ல் 6 வெளிவர 2015 ஆகிவிட்டது. 2019இல் அது ராக்கு என்று பெயர் மாறித் தனி மொழியாகவே போய்விட்டது. எங்களிடம் வேலைக்கு வந்த இளைஞர்களில் ஒருவருக்கும் பெர்ல் தெரியவில்லை. நாளைக்கு நானும் போய்விட்டால் யார் பார்ப்பது? சரி, மாற்றலாம் என்றேன்.

வரிக்கு வரி பெயர்த்து எழுதத் தொடங்கினோம். தவறு அங்கேதான். பெர்லில் ‘12 கிலோ’ என்ற எழுத்துச் சரத்தோடு 3ஐக் கூட்டினால் 15 வரும். எச்சரிக்கைகளை இயக்கி வைத்திருந்தால் ஒரு முனகல் கேட்கும், அவ்வளவுதான். பைத்தானோ அதை எண்ணாக மாற்ற மறுத்து, பிழை காட்டி நின்றுவிடும். எங்கள் பழைய பதிவுகளில் இப்படி அலகு ஒட்டிய எண்கள் ஏராளம் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

நின்றுபோனால்கூடப் பரவாயில்லை, கண்ணில் பட்டுவிடும். நிற்காமல் தப்பாக ஓடியதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. மைனஸ் 7ஐ 2ஆல் வகுத்து முழு எண்ணாக்கினால் எங்கள் பெர்ல் நிரல் மைனஸ் 3 தரும். நாங்கள் பயன்படுத்திய பைத்தானின் இரட்டைச் சாய்கோட்டு (//) வகுத்தலோ கீழ்நோக்கிப் போய் மைனஸ் 4 தரும். திரும்பி வந்த சரக்கை மைனஸில் எழுதுவோம். அந்தக் கணக்கில் மட்டும் ஆங்காங்கே ஒன்று வித்தியாசம் வந்து இடித்தது. கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது.

அப்புறம் வழியை மாற்றினோம். தினமும் இரவில் ஒரே உள்ளீட்டைப் பழையதற்கும் புதியதற்கும் கொடுத்து, இரண்டின் வெளியீட்டையும் காலையில் ஒப்பிட்டுப் பார்த்தோம். சில வேறுபாடுகளில் பழையதுதான் தப்பு! அப்போதும் அந்தத் தப்பையே புதியதிலும் அப்படியே வைத்தோம். மொழியையும் கணக்கையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது எதனால் வந்தது என்று யாருக்கும் புரியாது. மாற்றம் முடிந்தபின், கணக்குப் பிரிவைக் கேட்டு ஒவ்வொன்றாகத் திருத்தினோம்.

அந்த மாதங்களில் மூத்தவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ‘இந்த வரி எதற்கு ஐயா?’ என்று கேட்டால், எந்தக் கிளையிலிருந்து எப்படிப்பட்ட கோப்பு வந்ததால் அதைச் சேர்த்தார் என்று சொல்வார். எந்த ஆவணத்திலும் அது இல்லை. அவர் போனபிறகு இந்த வேலையைத் தொடங்கியிருந்தால் முடித்திருக்கவே மாட்டோம்.

நிரல்கள் ஓடும்போது எழுதிவைக்கும் பதிவுக் கோப்புகளை (log) அலசும் சில சிறு ஸ்கிரிப்டுகள் இன்னும் பெர்லிலேயே இருக்கின்றன. வருடக்கணக்காக அவற்றில் ஒரு வரிகூட மாறவில்லை. அவற்றையும் மாற்றி முடிக்கச் சொல்லி நிர்வாகம் கேட்டது; மறுத்துவிட்டேன்.