கண்ணுக்கு மூடியது, விசைப்பலகைக்குத் திறந்தே இருந்தது: ஓர் அக்கார்டியன் செய்து பார்த்த அனுபவம்

பன்னிரண்டு கேள்வி பதில்கள் கொண்ட ஒரு பக்கத்துக்காக, தலைப்பைச் சொடுக்கினால் விரிந்து மறுபடி சொடுக்கினால் சுருங்கும் அக்கார்டியன் ஒன்றை, ஆயத்த லைப்ரரி எதுவும் இல்லாமல் நானே எழுதத் தொடங்கினேன். முதல் வடிவத்தில் தலைப்புகள் வெறும் டிவ்களாக, அதாவது தனிப் பொருள் ஏதுமற்ற ஹெச்டிஎம்எல் பெட்டிகளாக இருந்தன. மவுஸில் குறையேதும் தெரியவில்லை. டேப் விசையை அழுத்தியபோதோ ஒரு தலைப்பில்கூட ஃபோகஸ் (விசைப்பலகை எந்த உறுப்பில் நிற்கிறது என்ற குறி) நிற்கவில்லை. டேப் நிற்க டேப்இண்டெக்ஸ், என்ன உறுப்பு என்று சொல்ல ரோல், என்டருக்கு ஒரு நிரல், ஸ்பேஸுக்கு இன்னொன்று என்று ஒட்டுப்போடாமல், இவை எல்லாம் இயல்பாகவே அமைந்த பட்டனுக்கு மாறினேன்.

ஆனால் மூன்றாம் நிலைத் தலைப்பைக் குறிக்கும் ஹெச்3ஐப் பட்டனுக்கு உள்ளே வைத்துவிட்டேன். திரையில் உள்ளதைப் பார்வையற்றோருக்குப் படித்துச் சொல்லும் என்விடிஏ திரைவாசிப்பானில் ஹெச் விசையால் தலைப்புகளுக்கிடையே தாவ முயன்றால், அது ஒன்றையும் காணாமல் கடந்துபோயிற்று. உறுப்புகளின் பொருளைத் திரைவாசிப்பான்களுக்குச் சொல்வதற்கான ஏரியா (ARIA) விதிப்படி பட்டனின் உள்ளுறுப்புகளுக்குத் தனிப் பொருள் இல்லை. அவற்றின் எழுத்து மட்டுமே பட்டனின் பெயராகிறது. ஹெச்3க்குள் பட்டன் என்று மாற்றியமைத்ததும் சரியாயிற்று.

விரிந்த நிலையைச் சொல்லும் ஏரியா-எக்ஸ்பாண்டட் பண்பையும் பட்டனிலேயே வைத்தேன். அம்புக்குறியைத் திருப்பத் தனி கிளாஸ் வைத்திருந்ததை நீக்கிவிட்டு, தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸை அந்தப் பண்பையே பார்க்கச் செய்தேன். காதில் விழுவதும் கண்ணில் படுவதும் ஒரே இடத்திலிருந்து வந்தால், ஒன்று மாறி மற்றது மாறாமல் நிற்கும் பிழைக்கு இடமில்லை.

என்னை அதிகம் அலைக்கழித்தது பதில் விரிந்து சுருங்கும் அசைவுதான். உயர வரம்பான மேக்ஸ்-ஹைட்டைப் பூஜ்யமாக்கி, அதைத் தாண்டி வழியும் ஓவர்ஃப்ளோவை மறைத்து மூடியிருந்தேன். ஒரு பதிலுக்குள் இரண்டு இணைப்புகள் இருந்தன. பகுதி மூடியிருந்தும் டேப் அவற்றுக்குள் நுழைந்ததால், ஃபோகஸ் வளையம் இரண்டு அழுத்தங்களுக்குக் காணாமற்போய், பிறகு அடுத்த தலைப்பில் முளைத்தது. உறுப்பைப் பக்க அமைப்பிலிருந்தே எடுத்துவிடும் டிஸ்ப்ளே-நன் இட்டால் இந்தச் சிக்கல் தீரும், அசைவும் போய்விடும். கடைசியில், உறுப்பு தெரிவதா மறைவதா என்று சொல்லும் விசிபிலிட்டி கைகொடுத்தது. அதையும், மாற்றத்தைப் படிப்படியாக நிகழ்த்தும் ட்ரான்சிஷனில் சேர்த்தால், மூடும்போது அசைவு முடியும்வரை காத்திருந்து மறைகிறது. திறக்கும்போது முதல் கணத்திலேயே தோன்றுகிறது. மறைந்தபின் டேப்பும் திரைவாசிப்பானும் உள்ளே போவதில்லை. அசைவு வேண்டாம் என்று இயங்குதளத்தில் அமைத்திருப்பவர்களுக்கு, ப்ரிஃபர்ஸ்-ரெட்யூஸ்ட்-மோஷன் வழியே ட்ரான்சிஷனை முற்றிலும் நிறுத்தினேன்.

பதில்களுக்கு, பக்கத்தின் முக்கியப் பகுதி என்று திரைவாசிப்பானுக்கு அறிவிக்கும் ரீஜன் ரோல் தரவில்லை. ஏறக்குறைய ஆறுக்கு மேற்பட்ட பகுதிகள் ஒரே நேரத்தில் விரியக்கூடுமானால் அதைத் தவிர்க்குமாறு ஏரியா வழிகாட்டி சொல்கிறது. ஒன்றைத் திறந்தால் மற்றது தானே மூடும் ஏற்பாட்டையும் விட்டுவிட்டேன்; மேலே ஒரு நீண்ட பதில் சுருங்கும்போது படித்துக்கொண்டிருந்த வரி திரையைவிட்டு நழுவுவது எனக்கே எரிச்சலூட்டியது.

பக்கத்துக்குள் தேடும்போது மூடிய பதில்களின் சொற்கள் இன்னும் அகப்படுவதில்லை. குரோம் 102 முதல் உள்ள ஹிட்டன் அண்டில்-ஃபவுண்ட் (தேடலில் அகப்படும்வரை மறைந்திருக்கச் செய்யும் பண்பு) இதற்கு வழி தருகிறது. அதைச் சேர்க்க, விசிபிலிட்டியை வைத்து எழுதிய பகுதியைப் பிரித்து மீண்டும் எழுத வேண்டியிருக்கும்.