சி.எஸ்.எஃப். அட்டையைப் பார்த்ததும் ரத்தச் சர்க்கரையைக் கேளுங்கள்: எம்.டி. பிராக்டிகல் அனுபவம்

ரிசல்ட் வந்து மூன்று நாள் ஆகிறது. அன்று சாயங்காலம் காரிமங்கலத்தில் எங்கள் வீட்டு வாசலில் அம்மா ராகி புடைத்துக்கொண்டிருந்தார். "பாஸாயிட்டேம்மா" என்றதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதுவிட்டார். எம்.டி. தேர்வு இது எனக்கு இரண்டாவது முறை. முதல் முறை தியரியில் தப்பித்து, பிராக்டிகலில் போனது. லாங் கேஸ் (ஒரு நோயாளியை முழுதாகப் பரிசோதித்துச் சொல்வது) சுமாராகத்தான் போயிருந்தது, ஆனாலும் என்னைக் கவிழ்த்தது டேபிள் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் கையில் கொடுத்த ஒரே ஒரு அட்டை என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன்.

அட்டையில் இருந்தது இவ்வளவுதான்: 48 வயது ஆண், இரண்டு வாரமாகக் காய்ச்சல், தலைவலி, இரண்டு நாளாகக் குழப்பம். சி.எஸ்.எஃப். (மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள நீர்) செல் 140, லிம்போசைட் (ஒரு வகை வெள்ளணு) 85 சதவீதம், புரதம் 160, சர்க்கரை 68. கடைசி வரியில் பொடி எழுத்தில் ரத்தச் சர்க்கரை 312.

"சர்க்கரை எப்படி இருக்கு?" என்றார் தேர்வாளர்.

"நார்மல் சார்."

"நல்லாப் பாத்துச் சொல்லும்மா."

"68 சார். நார்மல்தான்."

வைரல் மெனிஞ்ஜைட்டிஸ் (வைரஸால் வரும் மூளையுறை அழற்சி) என்று முடித்தேன். அவர் அட்டையை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில், தொப்பூர் தாண்டும்போதுதான் 68-ஐ 312-ஆல் வகுத்துப் பார்த்தேன். 0.22. டி.பி. மெனிஞ்ஜைட்டிஸ் கண் முன்னால் உட்கார்ந்திருந்தது. இரண்டு வாரக் கதையும் 160 புரதமும் சேர்ந்தே எச்சரித்திருக்கின்றன. நான் 68 என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

அதனால் இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சி.எஸ்.எஃப். சர்க்கரை தனி எண் கிடையாது. ரத்தத்தில் இருப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டும், 0.4-க்குக் கீழே போனால் சந்தேகப்பட வேண்டும். நம் ஊர் வார்டில் சர்க்கரை நோயாளிகள் எவ்வளவு பேர் என்று உங்களுக்கே தெரியும். அவர்களிடம் "நார்மல்" 68 பெரிய ஆபத்து. இன்னொரு பக்கமும் உண்டு: ரத்தச் சர்க்கரை ரொம்ப ஏறினால் நோயே இல்லாவிட்டாலும் இந்த விகிதம் கொஞ்சம் இறங்கும். அதனால் 0.38-ஐப் பார்த்துப் பதறாமல் செல், புரதம், கதை எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். 0.22 வேறு விஷயம்.

ரத்தம் எடுக்க வேண்டியது எல்.பி. (முதுகில் ஊசி போட்டு இந்த நீரை எடுப்பது) செய்வதற்கு முன்னால். ரத்தத்தில் சர்க்கரை மாறினால் அது தண்டுவட நீரில் தெரியச் சில மணி நேரம் ஆகும். டெக்ஸ்ட்ரோஸ் ஏறிக்கொண்டிருந்தால் கணக்கே தப்பும். வைவாவில் இதையும் சொல்லுங்கள், முகம் மலர்கிறார்கள்.

இரண்டு தேர்வுக்கும் இடையில் ஆறு மாதம் தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டராக இருந்தேன். படித்ததைவிட அங்கே கற்றது அதிகம். இரவில் சி.எஸ்.எஃப். எடுத்தால் சேலத்துக்கு அனுப்பிவிடுவார்கள், சுமார் 65 கிலோமீட்டர். ஒரு நாள் தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து ரோடு அடைத்துக்கொண்டது. சாம்பிள் லேப் போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. செல் 6 என்று ரிப்போர்ட் வந்தது, புரதம் மட்டும் 180. கழுத்து கட்டை மாதிரி விறைத்திருந்த நோயாளிக்கு செல் 6! வெளியே வைத்த நீரில் நியூட்ரோஃபில்கள் (இன்னொரு வகை வெள்ளணு) இரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய பாதி அழிந்துவிடும் என்று படித்திருந்தேன். அன்றைக்குத்தான் அது உறைத்தது.

அடுத்த முறை பகல் நேரம், சாம்பிளை நானே கீழே எங்கள் லேபுக்கு எடுத்துப் போனேன். லேப் டெக்னீஷியன் அக்கா செல் எண்ணும் கண்ணாடித் தட்டான நியூபார் சேம்பரைத் துடைத்து, கவர் ஸ்லிப் வைத்து, ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினார். நீர் தானாக உள்ளே இழுத்துக்கொண்டது. "ரெண்டு நிமிஷம் விடுங்க டாக்டர், செல்லு கீழ உக்காரட்டும்" என்றார். நீர்த்துப்போகச் செய்யாமல் விட்டால் ஒன்பது பெரிய கட்டங்களையும் எண்ணி, பத்தால் பெருக்கி ஒன்பதால் வகுக்க வேண்டும். அன்று 230 வந்தது. ரிப்போர்ட்டில் வரும் எண் எங்கிருந்து பிறக்கிறது என்று ஒரு தடவையாவது கண்ணால் பாருங்கள். அப்புறம் எந்த ரிப்போர்ட்டையும் "எத்தனை மணிக்கு எடுத்தது, எத்தனை மணிக்கு எண்ணியது" என்று கேட்காமல் படிக்க மாட்டீர்கள்.

எனக்கு அட்டவணை மனப்பாடம் வராது. பாக்டீரியா, வைரஸ், டி.பி., பூஞ்சை என்று நாலு பத்தி போட்டுப் படிப்பவர்கள் அப்படியே படியுங்கள். என் வழி, ஒவ்வொரு அட்டையையும் ஒரு ஆளின் கதையாக வாய்விட்டுச் சொல்வது. அட்டை கைக்கு வந்ததும் நான் கேட்கும் வரிசை:

- நோய் எத்தனையாவது நாள்?
- கூடவே எடுத்த ரத்தச் சர்க்கரை எவ்வளவு?
- ஏற்கெனவே ஆன்டிபயாடிக் போட்டாச்சா?
- எச்.ஐ.வி. நிலை என்ன?
- இவ்வளவுக்கும் பிறகுதான் செல்.

நாள் கணக்கு ஏன் முக்கியம் என்றால், டி.பி.யிலும் வைரலிலும் முதல் ஓரிரு நாளில் நியூட்ரோஃபில் தூக்கலாக இருக்கலாம். ஹெர்பீஸ் மூளைக்காய்ச்சலில் முதல் மூன்று நாளுக்குள் எடுத்த பி.சி.ஆர். நெகட்டிவ் வரலாம். அதை நம்பி வைரஸ் மருந்தான அசைக்ளோவிரை நிறுத்துவேன் என்று சொல்லிவிடாதீர்கள், திரும்ப எடுப்பேன் என்று சொல்லுங்கள். ஜி.பி.எஸ்.ஸில் (கியான்-பாரே சிண்ட்ரோம், நரம்புகள் பாதித்துக் கைகால் தளரும் நோய்) புரதம் ஏறி செல் ஏறாமல் இருக்கும் என்று 1916-லேயே கியான், பாரே, ஸ்ட்ரோல் எழுதிவிட்டார்கள். ஆனால் முதல் வாரத்தில் புரதமும் நார்மலாக இருக்கலாம். செல் 50-க்கு மேல் இருந்தால் ஜி.பி.எஸ். என்ற பேச்சை நிறுத்திவிட்டு வேறு தேடுங்கள், எச்.ஐ.வி. உட்பட.

மற்றவை சுருக்கமாக:

- ரத்தம் கலந்த நீரா? முதல் குழாயிலிருந்து கடைசிக் குழாய்க்குச் சிவப்பு குறைகிறதா என்று பாருங்கள். சிவப்பணு 500 முதல் 1000-க்கு ஒரு வெள்ளணு கழித்துக்கொள்ளலாம்.
- சப்அரக்னாய்டு ரத்தக்கசிவில் (மூளையைச் சுற்றி ரத்தம் கசிவது) மஞ்சள் நிறம் தேட, தலைவலி தொடங்கி 12 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.
- ஒலிகோகுளோனல் பேண்ட் (ஆன்டிபாடிப் பட்டைகள்) கேட்டால், கூடவே சீரமும் அனுப்புவேன் என்று சொல்லாவிட்டால் பதில் பாதிதான்.
- எச்.ஐ.வி. உள்ளவருக்கு கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை இருந்தும் செல் மிகக் குறைவாக இருக்கலாம். இந்தியா இங்க் சாயச் சோதனை மட்டும் போதாது, ஆன்டிஜன் கேளுங்கள். அழுத்தத்தை அளக்க மறக்காதீர்கள்.
- டி.பி.க்கான ஜீன்எக்ஸ்பெர்ட் சோதனை நெகட்டிவ் என்பதால் டி.பி. இல்லை என்று ஆகாது.
- கல்ச்சர் சாம்பிளை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள்.

பயோமார்க்கர் (நோயைக் காட்டிக்கொடுக்கும் புரதங்கள்) பக்கம் என்னிடம் கேட்கவே இல்லை. அல்சைமரில் அமைலாய்டு 42 குறையும், டாவ் ஏறும் என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

இரண்டாவது முறை வைவாவில் முதல் அட்டை: மஞ்சள் நீர், வைத்ததும் உறைகிறது, புரதம் 1200, செல் 4. ஃப்ரோவன் சிண்ட்ரோம், மேலே எங்கோ அடைப்பு என்றேன். காரணங்கள் கேட்டார்கள். கட்டி, டி.பி. எல்லாம் சொல்லிவிட்டு, "எங்க ஊர்ப் பக்கம் ஃப்ளோரோசிஸ் சார்" என்றேன். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். வருடக்கணக்கில் குடித்தவர்களுக்கு எலும்பு தடித்துக் கழுத்துத் தண்டுவடத்தை நெருக்கும், காலிரண்டும் மரத்துப்போகும். எதிரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "இப்போ தண்ணி எப்படி?" என்று கேட்டார். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததைச் சொன்னேன், பழைய போர் தண்ணீரில் வளர்ந்த பெரியவர்கள் இன்னும் வார்டுக்கு வருவதையும் சொன்னேன். "இப்படி அடைப்பு சந்தேகப்படுற ஆளுக்கு எல்.பி. பண்ணுவீங்களா?" "முதல்ல எம்.ஆர்.ஐ. சார். அடைப்புக்குக் கீழே நீர் எடுத்தா நெருக்கம் கூடிடலாம்." உங்கள் ஊர் நோயை நன்றாகத் தெரிந்து வைத்துக்கொண்டு போங்கள், பிறர் சொல்லாததை அதுதான் சொல்ல வைக்கும்.

அடுத்த அட்டையை நீட்டினார்கள். செல் 210, லிம்போசைட் 70 சதவீதம், புரதம் 140, சர்க்கரை 34. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். நான் தேடியது இல்லை.

"சார், அதே நேரம் எடுத்த ரத்தச் சர்க்கரை வேணும்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "102" என்றார் ஒருவர்.

மூன்றில் ஒன்று. அங்கிருந்து பேச ஆரம்பித்தேன்.