பொங் ஏரிக்கரையிலிருந்து

டிசம்பர் 29, 2020

இமாச்சலத்தின் காங்ரா மாவட்டத்தில், பொங் அணை நீர்த்தேக்கத்தில் நேற்று ஒருசில பறவைகள்தான் செத்துக் கிடந்தன. இன்று நூற்றுக்கணக்கில். பெரும்பாலும் பட்டைத்தலை வாத்துகள். நம் கூந்தன்குளத்துக்கு வலசை வரும் அதே இனம். ஒன்றுக்கு இன்னும் உயிர் இருந்தது. கழுத்து முறுகித் தலை முதுகில் சாய்ந்திருந்தது. நிமிர்த்தப் பார்க்கும், உடனே சரிந்துவிடும். யாரோ விஷம் வைத்துவிட்டதாகப் பேச்சு. எனக்கு 2005-ல் சீனாவின் சிங்காய் ஏரியில் இந்த வாத்துகள் பறவைக் காய்ச்சலால் ஆயிரக்கணக்கில் மடிந்ததுதான் நினைவுக்கு வருகிறது. போபாலில் உள்ள விலங்கு நோய் ஆய்வகத்தின் முடிவுக்குக் காத்திருக்கிறோம்.

ஜனவரி 5, 2021

பயந்ததேதான்: பறவைக் காய்ச்சல், எச்5என்1 வகை வைரஸ். போபால் ஆய்வகம் உறுதி செய்துவிட்டது. நீர்த்தேக்கத்திலிருந்து 1 கி.மீ. வரை ஆட்களோ கால்நடைகளோ போகக் கூடாது; அதற்கப்பால் 9 கி.மீ. கண்காணிப்புப் பகுதி. ஃபதேபூர், டேரா, ஜவாலி, இந்தோரா வட்டங்களில் கோழி, முட்டை, மீன் விற்பனைக்குத் தடை.

மீனவர் ஒருவர் கேட்டார்: "பட்டாசு வெடித்து எல்லாவற்றையும் விரட்டிவிட்டால் என்ன, பாபுஜி?" வலை காய்ந்து கிடப்பவரின் கேள்வி. அவர்மேல் கோபம் வரவில்லை. ஆனால் விரட்டினால் இவை எங்கே போகும்? அடுத்த குளத்துக்கு, நோயையும் சுமந்துகொண்டு. பண்ணையில் நோய் வந்தால் கோழிகளை அழித்து, கொட்டகையைக் கழுவி, கதவைப் பூட்டலாம். ஏரிக்கு ஏது கதவு? உயிரோடு இருப்பவற்றைத் தொந்தரவு செய்யாமல், செத்தவற்றை உடனுக்குடன் அகற்றுவதுதான் வழி. மீனவர்களின் இழந்த கூலிக்கு அரசு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

ஜனவரி 9

நாள் முழுக்கச் சடலம் பொறுக்கும் வேலை. பாதுகாப்பு உடை, இரட்டைக் கையுறை, கண்ணாடி. கண்ணாடியில் மூச்சு படிந்து பாதி நேரம் எதுவும் தெரியாது. பையைக் கையில் உறைபோல் மாட்டிக்கொண்டு பறவையைப் பற்றி, பையை அப்படியே வெளிப்புறமாகத் திருப்பினால் பறவை உள்ளே போய்விடும். அதன்மேல் இன்னொரு பை. பிறகு ஆழக் குழி, சுண்ணாம்பு, மண். காகமும் பருந்தும் கொத்துவதற்குள் முடிக்க வேண்டும். கொத்தினால் அவற்றுக்கும் தொற்றும். சேற்றுக்குள் கிடப்பவற்றை எடுப்பதுதான் பெரும்பாடு. குளிர்ந்த நீரில் வைரஸ் நெடுநாள் தாங்கும் என்பதால் அவற்றை விட்டுவரவும் முடியாது.

உடையைக் கழற்றும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். களைப்பில் கை தானாக முகத்துக்குப் போகிறது.

ஜனவரி 20

இன்று எடுத்தவை குறைவு. கேரளத்தில் வாத்துப் பண்ணைகளில் எச்5என்8 என்று ஊரிலிருந்து தொலைபேசியில் விசாரிக்கிறார்கள். அது வேறு வகை, இங்கிருந்து போனதல்ல.

பிப்ரவரி நடுவில்

இறந்தவை ஏறத்தாழ 5,000. ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏரியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள். பட்டைத்தலை வாத்து மட்டும் 40,000-க்கும் மேல். விரட்டியிருந்தால் இவை எந்தெந்த நீர்நிலைக்குச் சிதறியிருக்குமோ! இமயம் தாண்டி இவை வடக்கே கிளம்பும்வரை கரை ரோந்தை நிறுத்தக் கூடாது என்று கூட்டத்தில் சொன்னேன். நாளைக்கும் படகு கேட்டிருக்கிறோம்.